பதினைந்தாவது கட்டம்

மாட்டாளாம். அந்த 'ஆம்' யாருடையது என்று மத்தியானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். "ஏல ஆல்ட்ரின், ஹெப்சி மேசைக்கு அந்தக் கடைசிக்குப் போகணும்ங்கா. ஒன் பக்கத்துல நிக்க மாட்டாளாம். என்னல செஞ்சு தொலைச்ச?" என்று துரைராஜ் அண்ணாச்சி போனில் சொல்லிச் சிரித்தார். பின்னால் அவருடைய டயர் கடையில் காற்றடிக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் சிரிப்பு எங்கே முடிந்தது, மிஷின் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. 'போகணும்ங்கா' என்பது அவள் சொன்னது, அதில் சந்தேகமில்லை, அவள் வாயிலிருந்து வந்ததை அண்ணாச்சி அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். 'நிக்க மாட்டாளாம்' அப்படியில்லை. அவளே "நிக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தால் இது அவளுடைய ஆம். இடம் மாற வேண்டும் என்று மட்டும் சொல்லி, அண்ணாச்சி அதற்கு ஒரு வால் வைத்திருந்தால் இது அண்ணாச்சியின் ஆம். கதை சொல்கிறவர்கள் எல்லாரும் இதற்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறார்கள். ராஜா காட்டுக்குப் போனானாம், ராணி அழுதாளாம், கிளி பறந்துவிட்டதாம். யார் பார்த்தது என்று கேட்டால் பதில் கிடையாது. சர்ச் ஹாலின் சாவி என்னிடம் இருக்கிறது. நாலரைக்குத்தான் பிராக்டீஸ். நான் மூன்று மணிக்கே வந்து கதவைத் திறந்து, மேசைகளை இழுத்துப் போட்டு, ஸ்பாஞ்சு விரித்து, அதன்மேல் சிவப்பு வெல்வெட் துணி விரித்து, இருபத்தைந்து கைமணிகளையும் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் ஒரு வெள்ளைத்தாள், ஐந்து வரி. யாருக்கு எந்த இடம், எந்த மணிகள். முதல் வரி அண்ணாச்சி, பெரிய மணிகள், தூக்கக் கையில் பலம் வேண்டும். இரண்டாவது பாலிடெக்னிக் வாத்தியார் ரூஃபஸ். மூன்றாவது நான். நாலாவதும் ஐந்தாவதும் காலியாக இருக்கின்றன. இதுவரை நாலில் ஹெப்சிபா, ஐந்தில் போஸ்ட் ஆபீஸ் பொன்மணி அக்கா. இரண்டு பெயரையும் மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான், பத்து நொடி வேலை. பென்சில் முனை தாளைத் தொடுகிறது, அங்கேயே ஒரு புள்ளியாகி நின்றுவிடுகிறது.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா, அதுதான் கேள்வி. ஆம் யாருடையது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்கு நேரே நிற்க பயந்து நான் சுற்றிக்கொண்டிருக்கிற சந்து. கைமணியில் முழுப் பாட்டு யாருக்கும் கிடையாது. ஒருத்தருக்கு இரண்டு கை, கைக்கு ஒரு மணி, ஒரு மணிக்கு ஒரே ஸ்வரம். மற்ற நேரமெல்லாம் அடுத்தவர்கள் அடிப்பதை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். நான் இந்தக் குழுவில் சேர்ந்தபோது பதினோரு பேர் இருந்தோம். பிறகு துபாய் இரண்டு, பெங்களூர் மூன்று, கல்யாணமாகிப் போனது ஒன்று. ஒவ்வொருவர் போகும்போதும் அவர்களுடைய மணிகளை மிச்சம் இருக்கிறவர்களுக்குப் பங்கு வைத்துப் பாட்டைத் திருப்பி எழுதுவது என் வேலையாயிற்று. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, கண்ணாடிக் கடையில் லென்ஸ் ஓரம் தேய்க்கிறவனுக்குப் பொறுமை இருக்கும் என்று நினைத்தார்கள்போல. லென்ஸை பிரேமுக்குத் தக்கபடி தேய்க்க வேண்டும். தேய்த்தது தூளாகப் போகும், பார்வை மட்டும் மிஞ்ச வேண்டும். இதுவும் அப்படித்தான். எதை எடுத்தால் பாட்டு விழாது என்று தேடுவது. இப்போது ஐந்து பேர், அதனால் ஆளுக்கு ஐந்து மணி. கை மட்டும் இரண்டுதான். மூன்றாவது மணி வேண்டுமென்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எடுக்க வேண்டும். சில சமயம் நான் கீழே வைத்ததைப் பக்கத்தில் நிற்கிறவர் எடுத்து அடிக்கிற மாதிரி வரும். ஒரே மணி, இரண்டு ஆள். ஆள் குறைவாக இருக்கிற இடத்தில் இது சகஜம், தவிர்க்க முடியாதபோது செய்வது. நான் தவிர்க்க முடிந்தபோதும் செய்தேன். பி பிளாட் மணி. கீபோர்டில் அது ஒரு கறுப்புக் கட்டை. சர்ச்சின் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வாசிக்கப்போகிற மெட்டில் முப்பத்திரண்டு கட்டம், நாலு எண்ணினால் ஒரு கட்டம், அதில் எதற்கும் இந்த மணி தேவையே கிடையாது. பதினான்காவது கட்டத்தில் நான் அதை அடித்து, கீழே வைத்து, பதினைந்தாவது கட்டத்தில் ஹெப்சி அதை எடுத்து அடிக்கிறாள். அதற்காகவே நுழைத்தேன். இந்த மெட்டில் மட்டுமில்லை. இரண்டு வருஷத்தில் நாலு மெட்டில். ஈஸ்டருக்கு வாசித்ததில் இரண்டு இடம்.

சொல்லிப் பார்த்தால் எவ்வளவு சின்ன விஷயம். கையுறை போட்டிருப்போம், வெள்ளைப் பருத்தி, பித்தளையில் வியர்வை படக்கூடாது என்று. விரல்கூடப் படாது. நான் வைக்கும்போது அவள் பக்கம் பார்ப்பதும் இல்லை, பார்த்தால் என் அடுத்த கட்டம் போய்விடும். காதில் மட்டும் கேட்கும். என் கையில் அடிக்கும்போது அந்த மணி கொஞ்சம் முரட்டுத்தனமாக, கணீரென்று வரும். அவள் கைக்குப் போனதும் அதே மணி பதமாக, ஒரு மூடாக்குப் போட்ட மாதிரி, தூரத்தில் யாரோ பெயர் சொன்ன மாதிரி வரும். முதல்தடவை கேட்டபோது தற்செயல் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். மணிக்குக் கை தெரியும் என்று ஒரு எண்ணம் வந்து ஒட்டிக்கொண்டது. பாட்டு முடிந்து எல்லாரும் போனபின் மணிகளைத் துடைத்து அடுக்கும்போது பார்ப்பேன், அந்த மணி நான் வைத்த இடத்திலேயே, நான் வைத்த சாய்விலேயே இருக்கும். எடுத்தது தெரியாமல் எடுத்து, வைத்தது தெரியாமல் வைத்திருக்கிறாள் என்று வியந்துபோவேன். அது போதும் எனக்கு, அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லையே, யாரிடமும். போன சனிக்கிழமை அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டே தாளைப் பார்த்து, "அண்ணன், இந்த எடத்துல பி பிளாட் இல்லாட்டாலும் பாட்டு வரும்லா?" என்றாள். எல்லாரையும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள், சர்ச்சில் மைக் கட்டுகிற அறுபது வயதுக்காரரையும். "வரும், ஆனா மொட்டையா இருக்கும்" என்றேன். பொய். அவள் ம் என்றாள். அந்த ம் கேள்வியா, பதிலா, பூட்டா. ஒரு வாரமாக லென்ஸ் மிஷின் சத்தத்துக்குள் அந்த ம் கேட்கிறது. புதன்கிழமை ஒருவருக்கு இடது கண்ணுக்குத் தேய்க்க வேண்டியதை வலது கண்ணுக்குத் தேய்த்து வைத்தேன். அவள் வீட்டுக்குப் போய், பழைய தாள்களையெல்லாம் எடுத்துப் பரப்பி, அவளுக்கென்று நான் வட்டம் போட்டுக் கொடுத்த பி பிளாட்டுகளை எண்ணியிருப்பாள். நர்சரி டீச்சர். எண்ணுவதுதான் தொழில். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஈஸ்டருக்கு ஒன்று கூட, ஐந்து. ஐந்து இடத்திலும் பக்கத்தில் நிற்கிறவன் ஒருத்தன்தான். பொன்மணி அக்காவிடம் காட்டியிருப்பாள். அக்கா ஸ்டாம்ப் குத்துகிற மாதிரி ஒரு பார்வை பார்த்திருப்பாள்.

ஹாலில் காக்காய்ச் சத்தம்கூட இல்லை. விடுமுறை வேதப்பள்ளிக்கு வெட்டி ஒட்டிய காகித மீன்கள் சுவரில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. ஃபேன் சுற்றும்போது வால்கள் மட்டும் ஆடுகின்றன. இந்த ஃபேன் சத்தத்தோடு உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கம்தான், என் அறையிலும் இதே டக் டக். வீட்டில் மணி கொண்டுபோய்ப் பழக முடியாது, சர்ச் சொத்து. நான் இரண்டு எவர்சில்வர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பழகுவேன். ஒன், டூ, த்ரீ, ஃபோர், டம்ளரை வீசு. ஒன், டூ, த்ரீ, ஃபோர், சும்மா நில். ஒன், டூ, சும்மா நில். கீழ் வீட்டு அம்மா ஒருநாள், "தம்பி, மேல எக்சர்சைஸ் பண்ணுதியோ? எண்ணுத சத்தம் மட்டும் கேக்கு, குதிக்கிற சத்தம் கேக்கலியே" என்றாள். என்ன சொல்ல, மற்ற நாலு பேர் அடிக்கிற நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றா. சாயர்புரத்தில் அம்மா அப்பா, வாரம் ஒரு போன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், கோயிலுக்குப் போனியா, போனேன். ஞாயிறு மத்தியானம் மெஸ்ஸில் எதிர்நாற்காலியில் என் பையை வைத்துக்கொண்டு சாப்பிடுவேன், யாராவது உட்கார வந்தால் எடுத்துவிடலாம் என்று. போன வருஷம் மழைக்காலத்தில், காய்ச்சலில் கிடந்தபோது, எனக்கு ஒரு யோசனை வந்தது. என்னை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். என் ஐந்து மணிகளை ரூஃபஸுக்கு மூன்று, ஹெப்சிக்கு இரண்டு என்று பிரித்து, நாலு பேருக்கு. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நன்றாகவே வந்தது. ஒரு இடத்தில் இன்னும் நன்றாக வந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன், ஆனால் எப்படி எழுதினேன் என்பது கிழியவில்லை. இப்போது அவளை எடுத்து அந்தக் கடைசியில் வைக்க வேண்டும், வைத்தால் எனக்கும் அவளுக்கும் நடுவில் பொன்மணி அக்கா, அக்காவின் கைப்பை, அக்காவின் தண்ணீர்ப் பாட்டில். வைக்க முடியாது என்று காரணம் கண்டுபிடிக்கவும் எனக்குத் தெரியும். சின்ன மணிகளுக்குக் கை வேகம் வேண்டும், அக்காவுக்குத்தான் அது வரும், பண்டிகைக்கு இரண்டு வாரம்கூட இல்லை, இப்போது மாற்றினால் குழம்பும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எழுதுகிறவன் சொன்னால் சரி என்பார்கள். அப்படிச் சொல்லி அவளை இங்கேயே நிறுத்தினால், அவள் நிற்பாள், தாளைப் பார்த்துக்கொண்டு, தோள் ஒரு இஞ்ச் அந்தப் பக்கம் ஒதுங்க. அந்த ஒரு இஞ்ச் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. ஹெப்சிபா என்று ஐந்தாவது வரியில் எழுதினேன். அழித்தேன். ஹெப் என்று நாலாவது வரியில் எழுதினேன். மூன்றே முக்கால் இருக்கும், வெளியே ஸ்கூட்டி நிற்கிற சத்தம், ஸ்டாண்டு போடுகிற சத்தம், அது தரையில் இடிக்கிற சத்தம். யாருடையது என்று காதுக்குத் தெரிந்தது. பென்சிலைக் கீழே வைத்தேன், அது உருண்டு பெரிய மணியில் முட்டி நின்றது.

"அண்ணன், நீங்க வந்துட்டீங்களா? நாமதான் மொத ஆளுன்னு நெனச்சேன்" என்று ஹெப்சி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோடு. தாள் அவள் கண்ணில் படுவதற்குமுன் அதன்மேல் கையை வைத்தேன், பரீட்சையில் பக்கத்துப் பையனிடமிருந்து மறைக்கிற மாதிரி. கேட்கக்கூடாது, கேட்காமல் இருக்கவும் முடியாது, வாய் தானாகத் திறந்தது. "எடம் மாத்தணும்னு சொன்னீங்களாமே?" சொன்னபிறகுதான் கவனித்தேன், நானும் அந்த 'ஆம்' என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். அவள் சாதாரணமாக, "ஆமா, அண்ணாச்சிட்ட சொன்னேன். இந்த ஃபேன் நேரே எம்மூஞ்சிலதான் அடிக்கு. பேப்பர் பறந்துக்கிட்டே கெடக்கு. ஒரு கையால பேப்பரப் பிடிச்சா மறு மணிய யாரு அடிப்பா?" என்றாள். ஃபேன். நான் அண்ணாந்து பார்த்தேன். ஃபேன். ஒரு வாரம், அந்த ம், இடது கண் வலது கண், எல்லாவற்றுக்கும் மேலே மூன்று இறக்கையோடு இது சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. "ஃபேனை நிப்பாட்டிறலாமே" என்றேன், குரல் கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது. "நிப்பாட்டுனா அண்ணாச்சி வேர்வையில குளிச்சிருவாவ. பிறவு அந்த நாத்தத்துல யாரு நிக்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். தெரியவில்லை, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். "அப்பம் அந்த பி பிளாட்டு?" என்று கேட்டேன். "எந்த பி பிளாட்டு?" "பதினஞ்சாவது கட்டத்துல. நான் கீழ வைப்பேன்லா, நீங்க எடுக்கறது." "அதையா?" என்று அவள் கையுறையை உதறினாள். "அத நான் எடுக்கறதே இல்லையே."

மணிப் பெட்டியின் பக்கவாட்டு அறைக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். இன்னொரு கைமணி. பிடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. "இதுவும் பி பிளாட்டுதான், பிடி ஒடஞ்சதுன்னு அடித்தட்டுல போட்டு வச்சிருந்தாவ. பொன்மணி அக்காதான் டேப்பு சுத்திக் குடுத்தாவ, நான் ஒங்க பக்கத்து எடத்துக்கு வந்த புதுசுலயே. துணிக்கு அடியில வச்சுக்கிடுவேன்." ஏன் என்றும் அவளே சொன்னாள். "கோவிச்சுக்கிடாதீங்க அண்ணன். நீங்க அத அடிச்சிட்டு ஒடனே கீழ வைக்க மாட்டீங்க. நெஞ்சுல வச்சிச் சத்தத்த நிப்பாட்டுவீங்கள்லா, அப்படியே பிடிச்சிக்கிட்டு நிப்பீங்க. வைக்கறதுக்குள்ள எனக்கு நேரம் போயிரும். சொல்லலாம்னுதான் பாத்தேன். ஜெபம் பண்ணுத மாதிரி நிக்கீங்க, அதுல போயி என்னத்தச் சொல்ல?" அவள் அந்த மணியை ஒருதடவை வீசிக் காட்டினாள். மூடாக்குப் போட்ட மாதிரி, தூரத்தில் யாரோ பெயர் சொன்ன மாதிரி. "நாக்கு கொஞ்சம் தேஞ்சு போச்சு, அதான் அமுங்குன சத்தம். எடுத்துக்கிடுங்க, அக்காவுக்கு வேணும்னா குடுங்க" என்று என்னிடம் நீட்டிவிட்டு, பேப்பர் கிளிப் தேடிப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். நான் வாங்கி வீசினேன். அதே சத்தம். மெதுவாக வீசினேன், வேகமாக வீசினேன், முரட்டுத்தனமாக வீசினேன். அதே சத்தம், ஒரு மயிரிழை மாறவில்லை. யார் கையில் கொடுத்தாலும் இப்படித்தான் வரும், அண்ணாச்சி கையில் கொடுத்தாலும், மைக் கட்டுகிறவர் கையில் கொடுத்தாலும். என் காது நல்ல காது என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு மணிக்கும் இன்னொரு மணிக்கும் வித்தியாசம் தெரிந்த காது. அதை வேறு எதுவாகவோ கேட்டிருக்கிறது. இரண்டு வருஷம் நான் கீழே வைத்ததெல்லாம் அங்கேயே கிடந்திருக்கிறது, வைத்த சாய்விலேயே, யாரும் தொடாமல். தெரிந்துவிட்டதோ என்று பயந்தேனே, தெரிவதற்கு அங்கே என்ன இருந்தது. மணியை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். "உங்ககிட்டயே இருக்கட்டும்." தாளில் நாலாவது வரியில் பாதி நின்ற ஹெப்பை அழித்து பொன்மணி என்றும், ஐந்தாவதில் ஹெப்சிபா என்றும் எழுதினேன். பத்து நொடிகூட ஆகவில்லை.

நாலரைக்கு எல்லாரும் வந்தார்கள். அண்ணாச்சி நகக்கண்ணில் டயர்க் கறுப்போடு வந்து கையுறையை மாட்டிக்கொண்டே, "என்னல, சமாதானம் ஆயாச்சா? நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன், அதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றார். ரூஃபஸ் சிரித்தான். ஹெப்சி மேசையின் அந்தக் கடைசியில், காகித மீன்களுக்குக் கீழே போய் நின்றாள், அவளுடைய பேப்பர் அசையவில்லை. பொன்மணி அக்கா என் பக்கத்தில் வந்து, தண்ணீர்ப் பாட்டிலை எங்கே வைக்க என்று கேட்டாள். நான் எல்லாருக்கும் பொதுவாக, "ஒரு சின்ன மாத்தம். பதினஞ்சாவது கட்டத்துல பி பிளாட்ட அடிச்சிருங்க" என்றேன். சொல்லிவிட்டு எண்ண ஆரம்பித்தேன். பதினான்காவது கட்டம் வந்தது, நான் அடித்தேன், நெஞ்சில் வைத்தேன். பதினைந்தாவது கட்டத்தில் பொன்மணி அக்கா பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள், அந்தக் கடைசியிலிருந்து ஹெப்சி டேப் சுற்றிய மணியைத் தூக்கி அடித்தாள். பாட்டு நின்றுபோயிற்று. "ஏட்டி, அடிக்கச் சொன்னா அடிச்சுப்போடுத?" என்றார் அண்ணாச்சி. "அடிக்கத்தான சொன்னாவ? நான் அடிச்சேன்." "இந்தப் பய ஒருத்தன், தெளிவாச் சொல்லித் தொலைக்க மாட்டான். ஏல, மணிய அடிக்கணுமா, கோட்ட அடிக்கணுமா?" எல்லாரும் சிரித்தார்கள். ஹெப்சி ஒரு கையில் மணியோடும் ஒரு கையில் பென்சிலோடும் நின்று என்னைப் பார்த்தாள். "ரெண்டுல எது அண்ணன்? நான் இங்கருந்தே அடிச்சிருவேன், எனக்கு ஒண்ணுமில்ல."

அடிக்கட்டும் என்று சொல்லலாம். ஒரு வார்த்தை. பண்டிகைக்கு மட்டும், இந்த ஒரு மெட்டுக்கு மட்டும், அங்கிருந்து வரட்டும், என்ன இருந்தாலும் நல்ல சத்தம்தானே, அதற்குக் காரணமும் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும், மொட்டையாக இருக்கும் என்பேன், ம் என்பாள். அவள் புருவத்தை உயர்த்திக்கொண்டு காத்திருந்தாள், யாருக்கானாலும் இப்படித்தான் காத்திருப்பாள் என்பது போல. "அது தேவையில்ல. முந்தின கட்டத்துலயும் வேண்டாம். சும்மா நான்தான் சேத்திருந்தேன். ரெண்டையும் அழிச்சிருங்க" என்றேன். ரப்பர் எடுத்து அழித்தாள், தூளை ஊதிவிட்டாள், தயார் என்று தலையாட்டினாள். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினோம். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, எங்கேயும் தடுக்காமல் போயிற்று, முப்பத்திரண்டும் முடிந்தது. "இப்பந்தாம்ல பாட்டு மாதிரி இருக்கு" என்றார் அண்ணாச்சி. கடைசி ஸ்வரம் என்னுடையது. மணியை நெஞ்சில் வைத்து நிறுத்தினேன், நின்றதும் எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.